நான்கு இழுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். மாமரம் நன்றாகப் பூத்திருக்கிறது. சித்தி வீட்டு விஷயம் நீ நினைத்தபடியே முடிந்தது. மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை இருக்கும், இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

சென்ற மாதம் பெங்களூரில் உன் வீட்டில் இருந்தபோது, குட்டியின் படங்களைப் பார்க்கலாம் என்று உன் கைபேசியை எடுத்தேன். எடுத்தது தவறுதான். அதில் குட்டியைவிட அடுப்பின் படங்கள்தான் அதிகம். எல்லாம் காஸ் மூடியிருக்கும் படங்கள், எல்லாம் நீ ஆபீஸ் கிளம்பும் நேரம். அதைப் பற்றி அன்று நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. தூக்கம் முக்கியம், நேரத்துக்குச் சாப்பிடு.

என் விஷயத்தைச் சொல்கிறேன். பூட்டிய பூட்டை நான் இழுத்து இழுத்துப் பார்ப்பதை 'நான்கு இழுப்பு' என்று சொல்லி நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்களே, அது நான்கோடு நின்றதில்லை. உன் கல்யாணத்தன்று மண்டபத்தில் என்னைக் காணாமல் தேடினீர்கள். பூக்காரனைப் பார்க்கப் போனதாகச் சொன்னேன். பொய். வீட்டுப் பூட்டைப் பார்க்கப் போனேன், இரண்டு முறை. அப்படிப்பட்டவன்தான், எட்டாம் வகுப்பில் நீ எழுதியதையே அழித்து அழித்துத் தாள் கிழிந்தபோது 'திமிர்' என்று சொல்லி உன்னை அடித்தேன். முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்திய வாத்தியார்!

பிரஷர் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தஞ்சாவூரில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். ஓ.சி.டி. என்றார். எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழிலும் சொன்னார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மூளையை வரைந்து காட்டினார். கண்ணுக்கு மேலே, மூளையின் முன்பக்கத்தில், 'ஏதோ தவறு' என்று மணியடிக்கும் பகுதி இருக்கிறது. உள்ளே ஆழத்தில் காடேட் என்ற பகுதி அதைச் சலித்து அனுப்ப வேண்டும். எங்களுக்கு அந்தச் சல்லடை சரியாக வேலை செய்வதில்லை. கண் பார்த்துவிட்டது, கை இழுத்துவிட்டது, 'முடிந்தது' என்ற உணர்வு மட்டும் வருவதில்லை. புத்தி குறைவாலோ மன உறுதி இல்லாததாலோ வருவதல்ல இது. ரத்த உறவில் வரும் வாய்ப்பு கூடுதல் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அவர் சொன்ன எதுவும் சிறிது நேரம் என் காதில் விழவில்லை.

செர்ட்ரலின் என்ற மருந்து கொடுத்திருக்கிறார். மனச்சோர்வுக்குத் தருவதைவிட இதற்குக் கூடுதல் அளவு தேவைப்படுமாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாமாம். அதோடு ஒரு பயிற்சி: ஒரே முறை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடிக்கட்டும், தானாக இறங்கும். பேச்சால், பழக்கத்தால் மூளை மாறுமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் 1992இல் கலிபோர்னியாவில் இந்த நோய் உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். மருந்தில் தேறியவர்களுக்கும் பயிற்சியில் தேறியவர்களுக்கும் அந்தக் காடேட்டின் வேகம் ஒரேபோலக் குறைந்திருக்கிறது. வாத்தியாருக்கு அது போதும்.

அம்மாவுக்குத்தான் கடினமான வேலை. "பூட்டியாயிற்று, வாருங்கள்" என்று நாற்பது வருடம் சொன்னவள் இனிமேல் அதைச் சொல்லக் கூடாதாம், அந்த ஆறுதலே நோய்க்குத் தீனியாம். நான் கேட்டால் இப்போது மாமரத்தைப் பார்க்கிறாள். ஆறாவது வாரம் நடக்கிறது. நேற்று இரண்டு இழுப்பு.

உன் ஊரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. அங்கே ஒருமுறை காட்ட நினைக்கிறேன். எனக்குத்தான். கன்னடம் தெரியாது, துணைக்கு நீ வர வேண்டும். எந்த நாள் விடுப்பு கிடைக்கும் என்று சொல். கைபேசியைப் பார்த்ததற்குத் திட்டுவதாக இருந்தாலும் சரி, போன் செய். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா