டிரைவர் எழுதித் தருபவர்களுக்கு: ‘.கேஓ’வோடு நின்றுவிடாதீர்கள்

வன்பொருளோடு லினக்ஸ் டிரைவரையும் சேர்த்துத் தரும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் டிரைவரில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கூடவே வரும் நிறுவல் ஸ்கிரிப்டைப் பற்றித்தான் பேச்சு. கெர்னல் மாட்யூல் என்பது லினக்ஸின் மையமான கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டு; உங்கள் டிரைவர் வருவது அந்த வடிவில்தான். அந்தக் கோப்பின் பெயர் ‘.கேஓ’ (.ko) என்றுதான் முடியும் என்று ஸ்கிரிப்ட் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. 2003 கடைசியில் கெர்னல் 2.6 வந்தபோது அது சரி. இன்றைக்கு லினக்ஸ் வகைகள் பல அதைச் சுருக்கி வைக்கின்றன, சுருக்கிய முறையின் பெயர் வாலாகச் சேர்கிறது. ஃபெடோராவில் அதே கோப்பு ‘.கேஓ.எக்ஸ்இசட்’ (.ko.xz), ஆர்ச்சிலும் உபுண்டு 24.04-லும் ‘.கேஓ.இசட்எஸ்டி’ (.ko.zst). ‘.ஜிஇசட்’டும் (.gz) உண்டு, சுருக்காமல் வைப்பவர்களும் உண்டு.

எங்கள் சர்வர் ஒன்றில் நெட்வொர்க் கார்டுக்குப் புது டிரைவர் போட்டோம். ஸ்கிரிப்ட் பழைய ‘.கேஓ’வை அழிக்கப் போனது. அப்படி ஒரு கோப்பே அங்கே இல்லை, இருந்தது ‘.கேஓ.இசட்எஸ்டி’. அழிக்கும் கட்டளையில், கோப்பு இல்லாவிட்டாலும் குறை சொல்லாதே என்னும் ‘-எஃப்’ இருந்ததால் பிழைச்செய்தியும் வரவில்லை. புதியதைப் பழையதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு, ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் சொல்லிவிட்டது. ஒரே அடைவில் ஒரே மாட்யூலுக்கு இரண்டு கோப்பு. ரீபூட் செய்தால் ஏறியது பழையது.

கோப்பின் பெயரை ஊகிக்க வேண்டாம், மாட்யூலின் விவரம் சொல்லும் ‘மாட்இன்ஃபோ’ (modinfo) கட்டளையிடம் கேளுங்கள், முழுப் பாதையையும் அது சொல்லும். பெயரிலிருந்து ‘.கேஓ’வை வெட்டி மாட்யூல் பெயரை எடுப்பதையும் விட்டுவிடுங்கள். கோப்பில் ‘எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல்’ என்று இணைகோடு போட்டிருக்கும். ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்மாட்’ (lsmod) அதையே அடிக்கோடு போட்டுக் காட்டும். வால் மூன்று விதமாக நீண்டால் உங்கள் வெட்டல் என்ன ஆகும்?

நீங்களே சுருக்கித் தருவதாக இருந்தால் வரிசை முக்கியம். மாட்யூல் நம்பகமானது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் அதன் கடைசியில் ஒட்டப்படுவது. அதனால் முதலில் கையொப்பம், அப்புறம்தான் சுருக்கம். கெர்னலின் சொந்த நிறுவலும் அப்படித்தான் செய்கிறது. மாற்றிச் செய்தால், கையொப்பமிட்டதை மட்டும் ஏற்கும் ‘செக்யூர் பூட்’ போட்ட கணினியில் கையொப்பம் இல்லை என்று தள்ளிவிடும்.

எக்ஸ்இசட்டில் இன்னொரு வம்பு. சும்மா கட்டளையை ஓட்டினால், கோப்பு கெடவில்லையா என்ற சரிபார்ப்புக்கு சிஆர்சி64 (CRC64) என்னும் சோதனை எண்ணைப் போடும். சுருக்கியதை விரிக்கும், கெர்னலுக்குள் இருக்கும் பிரிப்பானுக்கோ சிஆர்சி32 மட்டும்தான் தெரியும், அல்லது சரிபார்ப்பே இருக்கக் கூடாது. 5.17 முதல் மாட்யூலைக் கெர்னலே பிரித்துக்கொள்ளும் வசதி உண்டு. அது இயக்கத்தில் உள்ள கணினியில் உங்கள் கோப்பு ஏறாது. அந்த வசதி இயக்கத்தில் இல்லாத உங்கள் சோதனைக் கணினியில் மட்டும் நன்றாக ஓடும். கெர்னலைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய மேக்ஃபைல் ‘சிஆர்சி32’ என்று வெளிப்படையாகவே கேட்டு வாங்குவது இதனால்தான்.

இதெல்லாம் தலைவலி என்றால் சுருக்கவே வேண்டாம். வெறும் ‘.கேஓ’வுக்குக் கையொப்பமிட்டு ‘அப்டேட்ஸ்’ அடைவில் வைத்து, மாட்யூல்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘டெப்மாட்’ (depmod) கட்டளையை ஓட்டுங்கள். அதன் இயல்பான தேடல் வரிசையில் அந்த அடைவுக்குத்தான் முதலிடம். பழைய கோப்பு எந்த வாலோடு இருந்தாலும், அதை அழிக்கும் வேலையே உங்களுக்கு இருக்காது.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்