செயலாளர் ஆண்டறிக்கை: மதியம் மிச்சம், மாலையில் பற்றாக்குறை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை ஒரு பக்கம்கூட வரவில்லை என்று குறைப்பட்டீர்கள், இந்த முறை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். செயற்குழு 6 முறை கூடியது, அதில் ஒரு முறை ஆள் சேராமல் கலைந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

போன பொதுக்குழுவில் நாம் பேசியதெல்லாம் இன்னும் எத்தனை கூரையில் சூரிய மின்சாரப் பேனல் ஏற்றுவது என்பதுதான். ஏற்றினோம், இப்போது 14 கூரைகள். தலைவலி அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது, அதுவும் நல்ல வெயில் அடித்த நாட்களில்.

தெருக்கோடி வீட்டு உறுப்பினர் கூப்பிட்டு, "சார், மதியமானால் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடுகிறது, மாட்டிக் கொடுத்தவர் பேனலில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்" என்றார். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தருகிற பெட்டிதான் இந்த இன்வெர்ட்டர். நானும் துணைச் செயலாளரும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். காலை 9 மணிக்கு 236 வோல்ட். 11 மணிக்கு 245. 12:40க்கு 254 தொட்டதுதான் தாமதம், உள்ளே 'டக்' என்று ரிலே, அதாவது தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், விழும் சத்தம், சிவப்பு விளக்கு, உற்பத்தி பூஜ்யம். சில நிமிடம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கி மறுபடி விழுந்தது. வீட்டு மின்சாரத்தின் வழக்கமான 230 வோல்ட்டுக்கு மேல் 10 சதவீதம் போனால் 253, அவர் இன்வெர்ட்டருக்கு வைத்திருந்த வரம்பும் அதுதான்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் வரும்போது வழியில் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கூரையிலிருந்து கரண்ட் திரும்பிப் போகும்போது அதே வயரில் தலைகீழாக ஏறும், கோடியில் இருப்பவருக்குத்தான் அதிகமாக ஏறும். ஆக, நம் 14 கூரைகளும் தள்ளுவதன் பலனை அவர் ஒருவர் அனுபவித்துக்கொண்டிருந்தார். இதை அவரிடம் சொன்னபோது அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மின் அலுவலகத்துக்கு 3 கடிதம் போட்டோம். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதில் ஒரு வார வோல்டேஜை மணிவாரியாக எழுதி அனுப்பியதும் ஆள் வந்து டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை, அதாவது வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் திருகியை, ஒரு படி இறக்கிவிட்டுப் போனார். அதற்கு மேல் இறக்க முடியாது என்றார். சரிதான், இறக்கினால் ராத்திரி எல்லோரும் ஏசி போடும்போது வோல்டேஜ் அடிவாங்கும்.

ராத்திரி என்றதும் கார் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம்மிடம் இப்போது 5 மின்சாரக் கார்கள். 7 மணிக்கு வீட்டுக்கு வந்ததும் ஐந்து பேரும் சார்ஜ் போட்டார்கள். 32 ஆம்பியர் சார்ஜர் ஒன்று 7.4 கிலோவாட் இழுக்கும், ஐந்தும் சேர்ந்தால் 37 கிலோவாட், அதுவும் கூரையில் ஒன்றுமே விளையாத நேரத்தில். கலிபோர்னியாவின் மின்கட்டமைப்பை இயக்குபவர்கள் 2013ல் வரைந்த 'வாத்து வளைவு' இதே கதைதான். பேனல்கள் போக மற்ற நிலையங்கள் தர வேண்டிய மின்சாரம் மதியம் வாத்தின் வயிறு மாதிரி தொங்கும், மாலையில் கழுத்து மாதிரி நிமிரும். அந்த வாத்தின் குஞ்சு ஒன்று நம் தெருவிலும் பொரித்துவிட்டது.

தினம் 40 கிலோமீட்டர் ஓடுகிற காருக்கு 6, 7 யூனிட் போதும். 10 ஆம்பியரில் 3 மணி நேரம் போட்டாலே ஏறிவிடும். பகலில் கார் வீட்டில் நிற்பவர்கள் மதியம் போடுங்கள், மற்றவர்கள் டைமர் வைத்து நள்ளிரவுக்கு மேல் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். "என் கார், என் நேரம்" என்றார்கள் மற்ற இருவர். இருந்தாலும் இரண்டு கார் மதியத்துக்கு மாறிக் கூரை மின்சாரத்தைத் தெருவிலேயே இழுத்துக்கொண்டதிலேயே கோடி வீட்டு இன்வெர்ட்டர் விழுவது அபூர்வமாகிவிட்டது.

10 ஆம்பியர் என்றதும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துவிடாதீர்கள். ஒரு உறுப்பினர் வீட்டில் அப்படிப் போட்டு, பிளக் பழுப்பேறி ஒரு பக்கம் மெழுகு மாதிரி வழிந்துவிட்டது. இஸ்திரிப்பெட்டி விட்டு விட்டு இழுக்கும், கார் மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். காருக்கென்று தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். அந்த பிளக்கை அலுவலகத்தில் வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள்.

கரண்ட் போன அன்று வந்த போன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூரை முழுக்கப் பேனல், வெயில் கொளுத்துகிறது, ஆனால் மின்விசிறி சுற்றவில்லை என்று சண்டைக்கே வந்தார்கள். லைன் செத்ததும் சாதாரண இன்வெர்ட்டர் தானும் நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் கூரை மின்சாரம் லைனில் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் உயிருக்கு ஆபத்து. கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டுமென்றால், வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டு ஓடுகிற இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

பேட்டரி வாங்கியவர்கள் 4 பேர், நால்வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைதான். நிக்கல் கலந்த வகையைவிட இது சூடேறித் தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு, ஆனாலும் வாசலை மறித்து வைக்காதீர்கள். 10 யூனிட் ஏற்றினால் திரும்ப வருவது 9 யூனிட் வாக்கில்தான், அதனால் பகலிலேயே செலவழிக்க முடிந்ததைப் பகலில் செலவழிப்பதுதான் லாபம். "மிச்சத்தை லைனுக்கு விற்றால் போதாதா" என்கிறவர்களுக்கு ஒன்று: கலிபோர்னியாவில் 2023 ஏப்ரல் நடுவிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு, லைனுக்கு அனுப்பும் யூனிட்டின் மதிப்பைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். மதியம் எல்லோரிடமும் இருக்கிற சரக்குக்கு யார் நல்ல விலை தருவார்கள்?

தெருவுக்கே பொதுவாக ஒரு பேட்டரி வைக்கும் தீர்மானம், யார் இடத்தில் வைப்பது என்பதில் நின்றுபோய் ஒத்திவைக்கப்பட்டது. காரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் எடுப்பதைப் பற்றி இளைஞர்கள் விடாமல் கேட்கிறார்கள். ஜப்பானில் 2012லேயே நிசான் லீஃப் காருக்கு அந்த வசதி விற்பனைக்கு வந்துவிட்டது. 40 யூனிட் பேட்டரி, நாளுக்கு 10 யூனிட் செலவாகும் வீட்டை 3 நாளுக்கு மேல் தாங்கும். ஆனால் நம் 5 கார்களில் ஒன்றுதான் அதற்குத் தோதானது, அதுவும் "என் கார், என் நேரம்" என்றவருடையது. பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் உங்கள் இன்வெர்ட்டர் ஆப்பில் மதியம் 12 முதல் 2 வரை வோல்டேஜ் எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள். நான்காவது கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

செயலாளர்