சூதாட்டக் கூடத்தின் மேசைகளில் கணக்கை எழுதி வையுங்கள்

சிங்கப்பூர் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்துக்கு,

வணக்கம்.

2010ஆம் ஆண்டு செந்தோசாவிலும் மரினா பேயிலும் கேசினோக்கள் திறக்கப்பட்டபோது, உள்ளூர் மக்களைக் காக்கச் சில தடுப்புகளும் வந்தன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்ல 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டியிருந்தது. 2019இல் அது 150 ஆனது. கூடத்துக்குள் ஏடிஎம் கிடையாது. திவாலானவர்களுக்கும் அரசின் நிதியுதவியில் வாழ்பவர்களுக்கும் சட்டமே கதவை மூடிவிடுகிறது. இவை நல்ல ஏற்பாடுகள். மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம். செலவு செய்ய வரும் சுற்றுப்பயணியை மனத்தில் வைத்துச் செய்த விதி அது. கட்டுமானத் தளத்தில் உழைக்கும் புதுக்கோட்டைத் தம்பியும் அந்த வாசலில் வெளிநாட்டவர்தான். ஊரில் வட்டிக்கு வாங்கி ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை அங்கே அவருக்குக் கிடைப்பவை குளிரூட்டிய கூடம், இலவச பானம், 21 வயதாகிவிட்டதா என்பதற்கு மேல் எதுவும் கேட்காத வரவேற்பு. பலரோடு ஓர் அறையில் தங்கியிருப்பவரை இவை ஈர்ப்பதில் வியப்பில்லை.

அந்த வரவேற்புக்கான விலைதான் அவர் கண்ணில் படுவதில்லை. ரூலெட் என்பது, சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். ஒற்றைச் சுழியம் கொண்ட ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள் உள்ளன. சரியான எண்ணில் பணம் வைத்தவருக்கு 35 மடங்குதான் லாபம். அந்தச் சிறிய இடைவெளியில்தான் கூடத்தின் வருமானம் இருக்கிறது. பத்து வெள்ளி வீதம் நூறு முறை வைத்தால், சராசரியாக 27 வெள்ளி கூடத்துக்குப் போய்விடும். பாக்காரா என்னும் சீட்டாட்டத்தில் இரு பக்கமும் ‘சமன்’ ஆகும் என்று பந்தயம் கட்டினால், எட்டு மடங்கு தருகிறார்களே என்று தோன்றும். வைத்த பணத்தில் சராசரியாக 14 விழுக்காட்டுக்கும் மேல் கூடத்துக்கே சேரும். ஒருநாள் ஜெயிக்கலாம். தொடர்ந்து ஆடுகிறவரை இந்தக் கணக்கு விடாது. விட்டதைப் பிடிக்கப் பந்தயத்தைக் கூட்டுவது இழப்பைத்தான் கூட்டும்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு மேசையிலும் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வங்காளத்திலும் பெரிய எழுத்தில் வைக்கச் செய்யுங்கள். விழுக்காடு வேண்டாம், நூறு வெள்ளிக்கு எவ்வளவு போகும் என்று எழுதினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. இங்கே வாழும் குடும்பங்கள், சூதாட்டத்தால் தங்களைத் தவிக்கவிடும் ஒருவர் கூடத்துக்குள் நுழையத் தடை கேட்டு விண்ணப்பிக்கலாம். கிராமத்தில் பணத்துக்குக் காத்திருக்கும் மனைவி எந்த அலுவலகக் கதவைத் தட்டுவார்? தனக்குத் தானே தடை போட்டுக்கொள்ளும் வழி வெளிநாட்டு ஊழியருக்கும் இருக்கிறது. அந்தப் படிவம் அவர் தேடிப் போகும்வரை காத்திருக்கக் கூடாது. புதிதாக வருவோருக்கு மனிதவள அமைச்சு நடத்தும் அறிமுக வகுப்பிலேயே அதைத் தமிழில் விளக்கி, விரும்புவோர் அங்கேயே கையெழுத்திட வழி செய்யுங்கள். முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே அது நடக்க வேண்டும். அமைச்சுடன் பேசி இதை விரைவில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்வாசி ஒருவர்