ஹேங்க் ஆரனின் அட்டைகள்

அட்லாண்டா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், மதினி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் விட்டு, பைன் மரத்து மகரந்தம் கார் மேலெல்லாம் மஞ்சள் பொடியாகப் படிந்து கிடக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, ரசம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

கீழ்வீட்டுப் பெரியவரைப் பற்றிப் போனில் சொன்னேனே, நேற்று அவர் ஒரு ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். எல்லாம் பேஸ்பால் கார்டு, ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டை. டாப்ஸ் கம்பெனி அந்தக் காலத்தில் பபிள்கம் பாக்கெட்டில் வைத்து விற்றது. பாதி அவருடைய மாமா சேர்த்தது, மீதி இவர் சேர்த்தது. அத்தனையும் ஒரே ஆள், ஹேங்க் ஆரன். அலபாமாவில் மொபீல் ஊர்க்காரர், கறுப்பினத்தவர். பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அடித்தால் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. அதில் இவரை மிஞ்ச ரொம்ப காலம் ஆளில்லை.

முதல் கார்டு 1954. அப்போது மில்வாக்கி பிரேவ்ஸ் அணி, வயது 20. ஒருவர் கணுக்காலை உடைத்துக்கொண்டதால்தான் இவருக்கு இடம் கிடைத்ததாம். அடுத்த இரண்டு வருஷமும் அதே முகப் படத்தையே போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். 1956 கார்டில் பின்னால் ஒருவர் சறுக்கி வருகிற படம் இருக்கிறது. அது இவரே இல்லை, வில்லி மேஸ் என்கிற இன்னொரு பெரிய ஆட்டக்காரர்! 1957இல் இன்னும் கூத்து. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு, வலக்கை ஆட்டக்காரரை இடக்கைக்காரராக்கி, சட்டையில் அவருடைய எண் 44ஐயும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி அச்சடித்துவிட்டார்கள். அந்த வருஷம்தான் அவர் சரியாக 44 ஹோம் ரன் அடித்தார், லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், அணியும் நியூயார்க் யாங்கீஸைத் தோற்கடித்து, உலகத் தொடர் என்கிற இறுதிப் போட்டியை வென்றது. நான் சிரித்துவிட்டேன். பெரியவர் சிரிக்கவில்லை.

1966இல் அணி அட்லாண்டாவுக்கு வந்துவிட்டது. அப்புறம் வருவதுதான் 1974 கார்டு. அதில் ‘புதிய ஹோம் ரன் மன்னர்’ என்று போட்டிருக்கிறது. ஆனால் அச்சடித்தபோது அவர் அதுவரை அடித்த ஹோம் ரன் 713தான். பழைய வெள்ளைக்கார ஜாம்பவான் பேப் ரூத்தின் சாதனை 714. அதைத் தாண்டும் முன்பே முடிசூட்டிவிட்டார்கள்! அந்த செட்டில் அவருடைய பழைய கார்டுகளின் படங்களையே சின்னதாக்கித் தனிக் கார்டுகளாகவும் போட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் பட்ட பாடு எந்தக் கார்டிலும் இல்லை. 1973இல் மட்டும் சுமார் 9,30,000 கடிதம் அவருக்கு வந்ததாம். வாழ்த்துகளோடு, ஒரு கறுப்பர் வெள்ளைக்காரரின் சாதனையைத் தொடுவதா என்று வசையும் கொலை மிரட்டலும் நிறைய. மெய்க்காவலரை வைத்துக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. பெரியவருக்கு அப்போது பத்து வயது. கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “இது பொய்யாகிவிடக் கூடாது” என்று தினமும் வேண்டிக்கொள்வாராம்.

1974 ஏப்ரல் 8ஆம் தேதி இந்த ஊரிலேயே 715ஆவது ஹோம் ரன்னை அடித்தார். அந்த ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள், பந்து தாண்டிய இடத்தை மட்டும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். இன்று சாயங்காலம் இருவரும் போய்ப் பார்த்தோம். பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கடைசி கார்டு 1976. பின்பக்கத்தில் அதுவரை அடித்த ஹோம் ரன் 745 என்றிருக்கிறது. அந்த வருஷம் இன்னும் 10 அடித்து 755இல் ஓய்வு பெற்றார். பெரியவர் அந்தப் பத்தை, கார்டில் கை வைக்காமல், பிளாஸ்டிக் உறையின் மேல் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.

அண்ணா, நாம் தீப்பெட்டிப் படம் சேர்த்த பிஸ்கட் டப்பா பரணில் இருக்கிறதா? அந்த மயில் படத்தை நீங்கள் என்னிடம் ஏமாற்றி வாங்கியதை நான் மறக்கவில்லை. இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பெரியவருக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி