சேகருக்கு, நம்ம டைகர் மோத் பறக்குதுடா

டேய் சேகரு,

மெயில் பாத்தேன்டா, முட்டி ஆபரேஷன் முடிஞ்சு குச்சி இல்லாம நடக்கறேன்னு எழுதியிருந்த, சந்தோஷம், பிசியோவ மட்டும் பாதில நிறுத்திடாத. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஓசூர்ல வேலை கிடைச்சு போயிட்டா, அவ ரூம் இப்ப ரிமோட் பிளேன் கட்டற நம்ம ஒர்க் ஷாப், கட்டில் பூரா பால்சா மரத்தூள், அதுக்கு உன் தங்கச்சிகிட்ட தினமும் வாங்கிக் கட்டிக்கறேன்.

நான் கட்டின டைகர் மோத் மாடலுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு றெக்கை எதுக்குடா, சும்மா அழகுக்கான்னு கேட்டிருந்தல்ல. நம்ம சைஸ்ல பெரும்பாலும் அழகுக்குத்தான். ஆனா அந்தக் காலத்துல வேற வழியில்ல, மரச்சட்டமும் துணியும் வச்சு நீளமா ஒரே றெக்கை பண்ணா மடங்கிடும், அதனால ரெண்டு குட்டை றெக்கைய மேல கீழ வச்சு நடுவுல கம்பு குடுத்து குறுக்க ஒயர இழுத்துக் கட்டிட்டா மொத்தமும் ஒரே பெட்டி மாதிரி விறைச்சு நிக்கும், வெயிட்டும் கம்மி. என்ன, அந்தக் கம்பும் ஒயரும் காத்துல இழுக்கற இழுவை இருக்கே, அதுக்குத்தான் பின்னாடி எல்லாரும் ஒத்தை றெக்கைக்கு மாறிட்டாங்க. அசல் டைகர் மோத், பிரிட்டிஷ்காரங்க ட்ரெய்னிங் விமானம், 1931ல முதல்ல பறந்தது, நம்ம ஏர்ஃபோர்ஸ் பசங்களும் அதுலதான் ட்ரெய்னிங் எடுத்தாங்க, நம்ம நாட்டுலயே பண்ண எச்ஏஎல் எச்டி-2 ட்ரெய்னர் வர்ற வரைக்கும்.

அசல் றெக்கை 8.94 மீட்டர், நான் பத்துல ஒண்ணா எடுத்துக்கிட்டேன், 89 சென்டிமீட்டர். கழட்டாம கார் பின் சீட்ல அப்படியே படுக்க வச்சிடலாம், இந்த வசதி ஒண்ணுக்காகவே இந்த மாதிரி ரெண்டு றெக்கை பைப்ளேன் பண்ணலாம்டா. பேட்டரியோட 420 கிராம்தான், ரெண்டு றெக்கை இருக்கறதால அந்த வெயிட்டுக்கு அது மெதுவா, நீ பாத்துட்டே இருக்கற மாதிரி போகும்.

கட்டறதுல ரொம்ப நேரம் சாப்பிட்டது றெக்கை இல்ல, மேல் றெக்கைய பாடி மேல தாங்கி நிக்கற அந்த நாலு கால்தான். பியானோ ஒயர, அதான் அந்த விறைப்பான ஸ்டீல் கம்பிய, வளைச்சு, சேர்ற இடத்துல மெல்லிசு காப்பர் கம்பிய நெருக்கமா சுத்தி, ஃப்ளக்ஸ் தடவி சால்டர் வைக்கணும், ஈயம் அந்தச் சுத்துக்குள்ள சர்ர்னு இழுத்துக்கிட்டு போனாதான் ஜாயின்ட் புடிச்சிருக்குன்னு அர்த்தம், மேலாப்புல உருண்டையா நின்னா வேலைக்காகாது, தட்டிட்டு திரும்பப் பண்ணணும். ஒரு கால் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய ஆனாலும் மேல் றெக்கை ஒரு பக்கம் முறுக்கிக்கும், அப்புறம் அது நேரா பறக்கறதுக்கு ட்ரிம் வச்சு வச்சே உயிர் போயிடும். குறுக்கு ஒயருக்கு ஜாக்கெட் தைக்கற கறுப்பு எலாஸ்டிக் நூல்தான், சும்மா ஷோவுக்கு, இடிச்சாலும் அறுந்துபோகாது. மூக்கு குட்டையா இருக்கறதால பேட்டரிய மோட்டாருக்கு அடியில வரைக்கும் தள்ளி வச்சாதான் பேலன்ஸ் வருது.

இனிமேதான் விஷயமே. டைகர் மோத்துல எய்லிரான், அதாவது வண்டிய சாய்க்கறதுக்கு றெக்கையோட பின் விளிம்புல ஏறி இறங்கற பலகை, கீழ் றெக்கைல மட்டும்தான் இருக்கும். வலது பக்கம் சாய்க்கணும்னு ஸ்டிக்க தள்ளினா இடது எய்லிரான் கீழ இறங்கி அந்தப் பக்கம் இழுவை கூடுது, அதனால வண்டி வலது பக்கம் சாயுது ஆனா மூக்கு இடது பக்கம் போகுது, பாக்கவே கோணலா இருக்கும். அசல் விமானத்துலயே இதுக்காக கீழ இறங்கற எய்லிரான் ரொம்பக் கொஞ்சமாத்தான் அசையற மாதிரி வச்சிருந்தாங்க, நானும் எய்லிரான அசைக்கற குட்டி மோட்டார், அதான் சர்வோ, ரெண்டையும் தனித்தனி சேனல்ல போட்டு மேல 12 மில்லி கீழ 4 மில்லின்னு செட் பண்ணேன். அப்பவும் ரட்டர், அதாவது மூக்க திருப்பற வால் பலகை, கூடவே குடுத்தே ஆகணும். டிரான்ஸ்மிட்டர்ல எய்லிரானோட ரட்டரையும் சேர்த்துவிடற மிக்ஸிங் போட்டா அதுவே குடுத்துக்கும்தான், பசங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க, நான் போடல, அப்படிப் போட்டுட்டா இந்த வண்டிய ஓட்டறதுல என்ன இருக்கு? ட்ரெய்னர் பிளேன் ஓட்டி ஓட்டி நம்ம இடது கட்டை விரல் த்ராட்டில், அதான் மோட்டார் வேகத்த, ஏத்தறதுக்கும் இறக்கறதுக்கும் மட்டும்தான்னு ஆயிடுச்சுடா, ரட்டரும் அதே விரல்லதான், இது அதை வேலை வாங்குது. ரட்டர லேசா முன்கூட்டி குடுத்து கூடவே எய்லிரான் குடுத்தா வால் தொங்காம அப்படியே வழிஞ்சுட்டு திரும்பும் பாரு, அதுக்குத்தான் இவ்வளவும்.

இறக்கும்போது மட்டும் த்ராட்டில மூடவே கூடாது, இழுவை ஜாஸ்தி, மூடின உடனே ஸ்பீடு செத்துடும். தரை வர்ற வரைக்கும் கொஞ்சம் கரன்ட் ஓடிட்டே இருக்கணும்.

இடம்தான் தலைவலி. சூலூர் ஏர்ஃபோர்ஸ், பீளமேடு ஏர்போர்ட்னு ரெண்டு பக்கமும் இருக்கறதால எங்க பறக்கவிடலாம்னு காட்டற அரசாங்க டிஜிட்டல் ஸ்கை மேப்ப பாத்து பச்சையா இருக்கற எடமா தேடி பொள்ளாச்சி ரோடு தாண்டிப் போறோம், காஞ்சு கிடக்கற குளம் ஒண்ணு, சுத்தியும் தென்னை. காலைல ஆறு மணிக்கு போனா எட்டு வரைக்கும் காத்து இருக்காது.

ஜூன் வந்துட்டா பாலக்காட்டுக் கணவாய் காத்து ஆரம்பிச்சுடும், இவ்வளவு லேசான வண்டிய வெளியவே எடுக்க முடியாது, அதனால மே கடைசிக்குள்ள கிளம்பி வா. என்சிசில கம்பில கட்டி ஓட்டற கன்ட்ரோல் லைன் பிளேன சுத்திச் சுத்தி ஓட்டிட்டு தலை சுத்தி விழுவியே, இதுல அந்தப் பிரச்சினை இல்ல. ரெண்டாவது டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு இரவல் வாங்கி ட்ரெய்னர் மோடுல கனெக்ட் பண்ணி வச்சிருக்கேன், உன் கையில தடுமாறினா சுவிட்ச விட்டு நான் வாங்கிக்கறேன். நிக்க முடியலன்னா பிளாஸ்டிக் சேர் போட்டுக்கலாம். டிக்கெட் போட்டதும் சொல்லு, ஸ்டேஷனுக்கு வர்றேன்.

உன்,
ரவி