எண்ணெய் தடவிய சுவரில் சுண்ணாம்பு நிற்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் அலங்காரத்தை இறக்கிப் பொங்கலுக்கு வீட்டைத் தயார்செய்வது பற்றிச் சென்ற வார இணைப்பில் ஒரு பக்கம் வந்தது. செல்லோடேப் ஒட்டிய தடத்தில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே ஒரு கை சுண்ணாம்பு அடித்தால் போதும் என்று அதில் ஒரு வரி. வெள்ளையடிக்கிற யாரிடமாவது கேட்டிருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது. அதை நம்பிச் செய்கிற வீடுகளில், டேப் ஒட்டிய இடமெல்லாம் பொங்கலன்று மஞ்சள் திட்டாக நிற்கும்.

சுண்ணாம்பு சுவரின் துளைக்குள் இறங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி, மறுபடி கல்லாக இறுகுவதால்தான் பிடிக்கிறது. எண்ணெய் அந்தத் துளையை அடைத்துவிடும். அதோடு, எண்ணெயும் சுண்ணாம்பும் கலந்தால் சோப்பாகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பிசுக்கின் மேல் எத்தனை கை அடித்தாலும் பொருக்கு விட்டு உதிரும். சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டினால், உரிக்கும்போது வெள்ளையும் சேர்ந்து வரும். அந்த இடத்தைப் பட்டித் தகட்டால் காரை தெரியும்வரை சுரண்டி, ஈரத்துணியால் தூசியை ஒற்றி எடுத்து, கெட்டியான சுண்ணாம்பால் நிரவி, காய்ந்தபின் அடிக்க வேண்டும்.

எமல்ஷன் அடித்த சுவருக்கோ சுண்ணாம்பே ஆகாது. பிளாஸ்டிக் படலத்தில் அது எங்கே இறங்கும்? அங்கே ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் டேப்பை இளக்கி, சுவரை ஒட்டியபடியே மெதுவாக இழுக்க வேண்டும். மிஞ்சிய பசையைச் சோப்பு கலந்த வெந்நீர்த் துணியால் துடைத்து, காயவிட்டு, 180ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அதே எமல்ஷனைத் தொட்டு அடித்தால் தடம் தெரியாது.

இந்த வரியோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அதே பக்கத்தில் சுண்ணாம்பு கரைக்க 'பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கவும்' என்றும் இருக்கிறது. நீற்றாத, அதாவது இன்னும் தண்ணீர் விட்டுக் கரைக்காத, கிளிஞ்சல் சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும்; பிளாஸ்டிக் வாளி இளகிச் சாயும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது, தெறித்துவிட்டால் நிறைய தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. இது எனக்குக் கோபத்தைவிட வருத்தத்தையே தந்தது.

முறை இதுதான். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு சிறிது சிறிதாகச் சுண்ணாம்பு. கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாவிட்டால் நீறாத கட்டிகள் சுவரில் பிறகு நீறி, பொரிந்து, குழி விழும். வடித்ததில் லிட்டருக்கு 4 கிராம் கோந்துப் பசை, வெந்நீரில் கரைத்தது. பசை குறைந்தால் சாய்ந்தவர் சட்டையெல்லாம் வெள்ளை. நீலம் கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராமைத் தாண்டக் கூடாது; கூடினால் சுவர் சாம்பல் பூத்துவிடும். சுவரை நனைத்துவிட்டு, வெள்ளையடிக்கும் மட்டையால் நீர்க்க இரண்டு கை. முதல் கை காய்ந்த பிறகே இரண்டாவது. ஈரத்தில் ஒன்றுமே அடிக்காதது போலத்தான் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். அவசரப்பட்டுக் கெட்டியாக அப்புவதால்தான் உரிகிறது.

குடில் பொம்மைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அந்துருண்டையோடு வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அந்துருண்டையின் ஆவி தெர்மாகோலை அரித்துக் குழியாக்கும். பொம்மையின் வண்ணத்தையும் பிசுபிசுப்பாக்கும். மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்காமல், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் போதும். வைக்கோலை மட்டும் பரணில் ஏற்றவே கூடாது. அது எலிக்கும் பூச்சிக்கும் அழைப்பு.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஸ்டார் கட்டவும் சீரியல் லைட் தொங்கவிடவும் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து அவற்றை இறக்குகிறவருக்கு உருப்படியாக ஒரு பத்தி கிடையாது. விலை மலிவான எல்.இ.டி. சீரியல் பலவற்றில் மின்மாற்றி இருக்காது. ஒயரில் கீறல் விழுந்தால் 230 வோல்ட் அப்படியே கையில் ஏறும். முதலில் பிளக்கைப் பிடுங்கி, ஆணியிலிருந்து வெடுக்கென்று இழுக்காமல் கழற்றி, அட்டையில் தளர்வாகச் சுற்ற வேண்டும். நீங்களோ எரியாத சீரியலைப் போகி நெருப்பில் போடலாம் என்று முடித்துவிட்டீர்கள். ஒயர் உறை பி.வி.சி.; எரிந்தால் நுரையீரலை அரிக்கும் அமிலப் புகை. 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பியதைத் தங்கள் பத்திரிகையும் எழுதியிருக்கும். பாய், துடைப்பம், ஓலை என்று எரித்த காலத்து வழக்கத்தில் ஒயரையும் டயரையும் சேர்த்தது யார்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போகிக்கு முன் இன்னும் ஓர் இதழ் வருகிறது. எண்ணெய், பிளாஸ்டிக் வாளி, அந்துருண்டை, ஒயர் ஆகிய நான்குக்கும் நான்கு வரித் திருத்தம், அந்தப் பக்கம் வந்த அதே எழுத்தளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளையடிப்பு வேலை அறிந்த வாசகர்,
தூத்துக்குடி.