பந்து ஒரு டசின் போதும், தொப்பி இரண்டு

நுவரெலியா
பெப்ரவரி 18

அன்பு மச்சானுக்கு,

தீபாவளிக்கு முதல் நீ எழுதியதற்கு மாசியில் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். திட்டி முடித்ததும் மிச்சத்தையும் வாசி. ஏப்ரலில் வரும்போது என்ன கொண்டுவரட்டும் என்று நீ கேட்டதற்குத்தான் இவ்வளவு நாள் யோசித்தேன் என்றால் நம்பவா போகிறாய்?

வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது. கொடிக்காரர் போன மாதம் படியில் விழுந்து எழும்பினார். கால் கொஞ்சம் இழுக்கிறது, வாய் பழையபடிதான். கோயில் கணக்கில் உன் பங்கு இன்னும் பாக்கி. இங்கே காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி, பத்து மணிக்கு வெயில், மூன்று மணிக்கு மூடுபனி. நீ கேட்காத செய்திகள் அவ்வளவுதான்.

சரி, கோல்ஃப் பந்துக்கு வருவோம்.

போன முறை நீ பெட்டி நிறையக் கொண்டுவந்த அந்த விலை கூடிய ப்ரோ வி1 பந்துகளை நான் மறக்கவில்லை. பன்னிரண்டில் ஏழு ஓடைக்குப் போயின. நாலாவது போனபோது, "தண்ணீர் இழுக்குதுடா" என்றாய் பார், அதை மருமகனுக்குச் சொல்லிச் சொல்லி நான் இன்னும் சிரிக்கிறேன். இந்த முறை அதைக் கொண்டுவராதே. கெட்ட பந்து என்று சொல்லவில்லை. நல்ல பந்து, நமக்குத்தான் அது வேண்டாம். 1889இல் தொடங்கிய கிளப்பின் மைதானம் இது. ஒடுக்கம், இரண்டு பக்கமும் மரம், குறுக்கே தண்ணீர். அப்பா அங்கே பை தூக்கிய காலத்திலிருந்து பந்து தின்று பழகிய மைதானம். நம்மைப் போல ஒரு சுற்றுக்கு நூறு அடியைத் தாண்டுகிற ஆட்கள் இங்கே பந்தின் விலையை நினைத்துக்கொண்டு அடித்தால் தோள் இறுகிவிடும். தொலைந்தால் மனம் நோகாத பந்துதான் முதல் தகுதி. அதோடு, 2019இலிருந்து தொலைந்த பந்தைத் தேடுவதற்கு விதிப்படி மூன்று நிமிடம்தான். முன்பு ஐந்து. கொடிக்காரரையும் கூட்டிப்போனால் அந்த மூன்றும் அவர் பேச்சுக்கே சரி.

மற்றப்படி விதி எல்லாப் பந்துக்கும் ஒன்றுதான்: 45.93 கிராமுக்கு மேல் நிறை கூடாது, 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே விட்டம் கூடாது. வித்தியாசம் உள்ளேயும் தோலிலும். உன்னுடையது மூன்று அடுக்கு, யூரித்தேன் தோல்; குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் சின்ன அடியில் அது நன்றாகச் சுழன்று நிற்கும். மலிவான இரண்டு அடுக்குப் பந்துக்கு அயனோமர் தோல். அவ்வளவு சுழலாது, விழுந்து கொஞ்சம் உருளும், ஆனால் தோல் சீக்கிரம் கிழியாது. சுழற்சி குறைவதில் உனக்கு ஒரு லாபமும் இருக்கிறது. பந்தை வலப்பக்கம் வளைக்கிற உன் பழைய வியாதி கொஞ்சம் அடங்கும். குணமாகாது, அடங்கும்.

மெதுவாக அடிக்கிறவர்களுக்கு மிருதுவான பந்து தூரம் போகும் என்று கடையில் சொல்வார்கள். நான் ஆறு மாதம் இரண்டு வகையையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன், குறிப்பும் எழுதினேன் (கணக்குப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் வேறென்ன செய்வான்). எனக்குத் தூரத்தில் பேசும்படி ஒன்றும் மாறவில்லை. மாறியது சத்தமும் கையில் படுகிற விதமும்தான். விடிகாலைக் குளிரில் கெட்டியான பந்தை அடித்தால் விரல் நுனிவரை விண்ணென்று ஏறும். அதற்காக மட்டும் நான் மிருதுவான பக்கம். நீ முதலில் மூன்று வகையில் இரண்டிரண்டு வாங்கி, புல்தரையில் கொடிக்கு முப்பது யார்ட் தள்ளி நின்று அடித்துப் பார். நம் அடியில் நிறைய அங்கேதானே போகிறது. அங்கே கைக்குப் பிடித்ததையே பிறகு தூர அடிக்கும் வைத்துக்கொள். அப்புறம் பந்தை மாற்றாதே. ஒரு குழிக்கு ஒரு வகை என்றால் குழிக்குள் உருட்டும் புட்டிங்கில் கை குழம்பிவிடும்.

நிறம் மஞ்சள். இதில் பேச்சே இல்லை. மூடுபனியில் வெள்ளைப் பந்தைத் தேடுவது பாலுக்குள் பால் தேடுவது.

இன்னொன்று. 1868 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, பந்து கூடுதலாகப் பறக்கும். உங்கள் மெல்பேர்னில் நூறு யார்ட் போகிற அடி இங்கே ஏறக்குறைய நூற்றாறு, நூற்றேழு. ஆனால் குளிர்ந்த பந்து அதில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே போன முறை மாதிரி, "ஜிம்முக்குப் போறேன், அதான் தூரம் போகுது" என்று கதை விடாதே.

பழைய பந்து வாங்கலாம், தப்பில்லை. பெயின்ட் அடித்த பந்து மட்டும் வாங்காதே. ஏன் என்று உனக்குச் சொல்லவும் வேண்டுமா? சின்ன வயதில் நாம் ஓடையில் பொறுக்கிய பதினொரு பந்து. தோட்டத்து லயன் வீட்டுக் கதவுக்கு வாங்கிய வெள்ளைப் பெயின்டில் மிச்சம். குச்சியில் குத்திக் காயவைத்தது உன் யோசனை, விற்றது நான். அந்த மீசைக்காரத் துரை ஒன்றை வைத்து ஓங்கி அடித்தார். அது கல் மாதிரிக் கொஞ்ச தூரம் போய்த் தலைகுப்புற விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மனிதர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அடிக்கத் தெரியாது என்று நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். உண்மையில் பெயின்ட் பந்தின் தோலிலுள்ள சின்னக் குழிகளை நிரப்பிவிட்டது மச்சான். அந்தக் குழிகள்தான் காற்றைப் பந்தோடு ஒட்டவைத்துப் பின்னால் இழுக்கிற இழுவையைக் குறைப்பவை. மொழுக்கென்ற பந்து அதே அடிக்குப் பாதி தூரம்தான் போகும். இதை நான் அறுபது வயதுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தத் துரை எங்கே இருக்கிறாரோ, பாவம்.

ஓடைப்பக்கம் இப்போதும் பொடியன்கள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறார்கள். போன வாரம் ஒருவன் என் பந்தையே எனக்கு விற்றான். பேரம் பேச வாய் வரவில்லை.

இனித்தான் எழுத வந்த விஷயம்.

கார்த்திகையிலிருந்து என் வலது கண் உறுத்தல். மண் விழுந்த மாதிரி. காலையில் சிவப்பு. புகையிலை விட்டு இருபது வருடம், சாராயம் இல்லை, பிறகு ஏன் என்று மகள் கண்டிக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து சதை வளர்கிறது, கருவிழியின் விளிம்புக்கு வந்துவிட்டது என்றார். கண்ணாடியில் காட்டினார். சின்ன முக்கோணம், உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறது. இப்போதைக்கு வெட்ட வேண்டாம், பார்வையின் நடுவுக்கு வந்தால் பார்ப்போம், வெட்டினாலும் திரும்பி வளரக்கூடும் என்றார். வெயில், காற்று, தூசி. முக்கியமாக வெயிலின் புற ஊதாக்கதிர். என்ன வேலை என்று கேட்டார். கணக்கு வேலை, இப்போது கோல்ஃப் என்றேன். தொப்பி போடுகிறீர்களா என்றார். என் நீல கேப்பைக் காட்டினேன். சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அம்மாவின் கண் ஞாபகம். உனக்கும் ஞாபகம் இருக்கும், இரண்டு கண்ணிலும் அந்த வெள்ளைச் சதை. நாம் அதை வயதுக்கு வருவது என்று நினைத்தோம். லயத்தில் பாதிப் பெண்களுக்கு அது இருந்ததே, பிறகு என்னவென்று நினைப்பது? காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனால் மாலைவரை தேயிலை மலையில், தலையில் ஒரு துண்டு. கொழுந்துக் கூடைக் கயிறு தலையில் மாட்டியிருக்கும்போது தொப்பியை எங்கே வைப்பாள்? கடைசி வருடங்களில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். நான் கோத்துக் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிடுவேன்.

சரி. இதை இதற்கு மேல் எழுதினால் உனக்கு அனுப்ப மாட்டேன்.

தொப்பியைப் பற்றி இப்போது எனக்கு ஒரு டொக்டருக்குத் தெரிவதில் பாதி தெரியும். இங்கே குளிர்வதால் வெயில் சுடாது, சுடாததால் நாம் கவலைப்படுவதில்லை. கதிருக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லையாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் பத்துச் சதவீதம் கூடும். அப்படியென்றால் கொழும்பைவிட இங்கே ஐந்தில் ஒரு பங்கு கூட. மெல்லிய முகிலையும் அது துளைத்துவிடும். நீ வருகிற ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே. அது உனக்குத் தெரிந்ததுதானே, நிழல் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும்.

கேப் போட்டு விளையாடுகிறவன் பந்துக்கு மேல் குனியும்போது அவனைப் பின்னால் நின்று பார். பின்கழுத்தும் இரண்டு காதும் வெயிலுக்குப் படையல் வைத்த மாதிரி இருக்கும். நாலு மணி நேரத்தில் எத்தனை தரம் குனிகிறோம்! கேப் மூக்கை மட்டும் காப்பாற்றும். சுற்றிலும் ஏழரை சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும் என்று உங்கள் அவுஸ்திரேலியக்காரர்களே சொல்கிறார்கள். தொப்பி இல்லாத பிள்ளையை விளையாடவிடாத நாடு அல்லவா அது. அங்கேதான் நல்லதும் கிடைக்கும், அதனால்தான் உன் தலையில் கட்டுகிறேன்.

நான் இங்கேயே ஒன்று வாங்கித் தோற்றுவிட்டேன். ஓலைத் தொப்பி, அழகு, துரை மாதிரி. ஜன்னலுக்கு நேரே பிடித்தேன், சல்லடை. பின்னல் வழியாக வருகிற வெளிச்சம் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது. அடுத்தது துணித் தொப்பி, விளிம்பு தொளதொளவென்று. மட்டையைப் பின்னால் எடுக்கும்போது சரியாகக் காற்று அடித்து விளிம்பு கண்ணை மூடியது. பந்து எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை, தொப்பி போனதை எல்லாரும் பார்த்தார்கள். பை தூக்குகிற பொடியன்தான் ஓடிப்போய்ப் பிடித்துவந்தான்.

ஆகவே இப்படிப் பார்த்து வாங்கு. யூபிஎஃப் 50+ என்று துணியில் எழுதியிருக்க வேண்டும். ஐம்பதில் ஒரு பங்குக் கதிர்தான் உள்ளே வரும். முன் விளிம்பு விறைப்பாக, பக்கங்கள் தொங்காமல். விளிம்பின் அடிப்பக்கம் கறுப்போ கடும்பச்சையோ. வெள்ளையாக இருந்தால் புல்லிலிருந்து ஏறுகிற வெளிச்சம் மறுபடி கண்ணிலேயே விழுகிறது. நாடிக்குக் கயிறு கட்டாயம், நம் மலைக்காற்று உனக்குத் தெரியும். பருத்தி வேண்டாம், நனைந்தால் பாதுகாப்புக் குறைந்துவிடும், இங்கே எது நனையாது? என் தலை 59 சென்டிமீட்டர், காதுக்கு மேலே, புருவத்துக்கு ஒரு விரல் மேலே அளந்தது. மகள் இரண்டு தரம் அளந்தாள்.

இரண்டாவது தொப்பி அக்காவுக்கு. கந்தப்பளையில் லீக்ஸும் கேரட்டும் போட்டிருக்கிறாள், நாள் முழுக்கக் குனிந்தபடி, தலையில் அதே துண்டு. அம்மா மாதிரி மூலையில் ஒரு பொட்டு அவள் கண்ணிலும் தெரிகிறது. நான்தான் இப்போது எல்லார் கண்ணையும் உற்றுப் பார்க்கிறவனாகிவிட்டேன். டொக்டரிடம் போக மாட்டேன் என்கிறாள். சித்திரை முடியட்டும் என்கிறாள். போன ஞாயிறு என் துணித் தொப்பியை அவள் தலையில் வைத்தேன். வாய்க்கால் தண்ணீரில் குனிந்து முகம் பார்த்தாள்.

"தொரைசாணி மாதிரி இருக்கேனாடா?"

அப்படித்தான் இருந்தாள். ஆனால் கொண்டை தொப்பியைத் தூக்கித் தூக்கி விட்டது. கொண்டையை அவிழ்க்கவும் மாட்டாள், தொப்பியை இறக்கவும் முடியவில்லை. பின்பக்கம் முடி வெளியே வரத் திறப்பு வைத்த தொப்பி அங்கே விற்கிறதாமே? உன் வீட்டுக்காரியைக் கேட்டுப் பார். அந்தத் திறப்பு பெரியதாக இருக்க வேண்டும், அக்காவின் கொண்டை உனக்குத் தெரியும். அவள் தலை 55. நிறம் மட்டும் சிவப்பு வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

பந்து ஒரு டசின், மஞ்சள். காலை ஏழுக்கு நேரம் எடுத்து வைக்கிறேன், பதினொன்றுக்குள் முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு வெயிலில் நிற்க டொக்டர் விடவில்லை. நீ வரும் திகதியை முதலில் எழுது.

உன்
பெயின்ட் வியாபாரி